சுக்கானிக்காகச் சுற்றிய திரிகை

கிட்ட வாருங்கள், என் செல்வங்களே. கதவடியில் நிற்கிறவர்களும் உள்ளுக்கு வரலாம், பாயில் இடம் கிடக்கிறது. அடுப்பில் ஏதும் வைத்துவிட்டு வந்திருந்தால் ஓடிப்போய் இறக்கி வைத்துவிட்டு வாருங்கள். இது இடையில் எழும்பிப் போகிற கதையில்லை. ஒரு பெண் தன் புருஷனுக்கு ஒரு பொய் சொன்னாள். அந்தப் பொய்யை மெய்யாக்கிக் கொடுக்க ஒரு பூனையால் மட்டுமே முடியும். பூனையோ அவள் முகத்தில் முழிக்கவும் மனமில்லாமல் கூரையைத் தாங்குகிற வளைமரத்தில் ஏறி இருந்துவிட்டது. பிறகு என்ன நடந்தது என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

ஆயிரத்துத் தொளாயிரத்து அறுபத்தோராம் ஆண்டு, ஐப்பசி மாதம். வல்வெட்டித்துறையில் கடற்கரைக்கு இரண்டு ஒழுங்கை தள்ளி மீனாம்பிகையின் வீடு. புருஷன் தம்பிஐயா ஒரு பாய்த்தோணியின் தண்டையல். காற்றைப் பார்த்துப் பாயை விரி என்றும் சுருட்டு என்றும் சொல்கிற தலைவர் அவர்தான். ஒரே மகள் கமலாவதியைக் கொடிகாமத்தில் கட்டிக் கொடுத்தாயிற்று. வருஷத்தில் எட்டு மாதம் தம்பிஐயா கடலில். வாடைக்காற்று பிறந்து வடகடல் கொந்தளிக்கத் தொடங்கினால்தான் வீட்டுக்கு வருவார். அந்த எட்டு மாதமும் வீடு, வளவு, கிணறு, ஆடு எல்லாம் மீனாம்பிகையின் பொறுப்பு. முப்பது வருஷத்தில் அவர் விட்டுவிட்டுப் போன எதையும் அவள் குறைத்துத் திருப்பிக் கொடுத்ததில்லை. அது அவளுக்கு உள்ளுக்குள் இருந்த பெருமை. வாய்விட்டு ஒருவருக்கும் சொன்னதில்லை.

அந்த ஐப்பசியில் கடைசி ஓட்டம் முடிந்து தோணியிலிருந்து கூரை ஓடு இறக்கிக்கொண்டிருந்தபோது, பாய் கட்டுகிற குறுக்குமரத்தின் கயிறு அறுந்தது. மரம் வந்து தம்பிஐயாவின் தொடையில் விழுந்தது. எலும்பு இரண்டாய்ப் போயிற்று. கார் பிடித்து மானிப்பாய் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மூன்று மாதம் கட்டிலில் கிடக்கவேண்டும் என்று சொல்லிவிட்டார்கள்.

மூன்றாம் நாள் தோணியில் வேலை செய்கிற முருகேசு ஒரு பனையோலைப் பையை, உமலை, கையில் தூக்கிக்கொண்டு படலையைத் திறந்தான். உமலின் வாய் கயிற்றால் கட்டியிருந்தது. அது தன்பாட்டில் துள்ளியது.

"அக்கா, இதைத் தண்டையல் உங்களிட்டைக் குடுக்கச் சொன்னவர். தோணியை ஊர்காவற்றுறைக்குக் கொண்டுபோய்க் கட்டப் போறம். இவளை அங்கை ஆர் பாக்கிறது?"

"ஆரடா இவள்?"

"சுக்கானி."

பெயரை மீனாம்பிகை முன்னமே கேட்டிருந்தாள். தோணியின் பூனை. சுக்கான் பிடிக்கிற இடத்திலேயே எப்போதும் இருப்பதால் அந்தப் பெயர். அரிசி மூட்டையில் எலி வாய் வைக்காமல் காத்தவள். ஒன்பது வருஷம் கடலிலேயே சீவித்தவள். அலை தோணிக்கு மேலால் எறிகிற நாளிலும் விளிம்புப் பலகையில் வாலை நிமிர்த்திக்கொண்டு நடந்து போவாள் என்று தம்பிஐயா சொல்லும்போது, தன் மகள் பாட்டில் முதற்பரிசு எடுத்ததைச் சொல்கிறவர் மாதிரி இருக்கும்.

முருகேசு கயிற்றை அவிழ்த்தான். சாம்பல் உடம்பில் கறுப்பு வரி, ஒரு காது நுனி கிழிந்த பூனை ஒன்று வெளியே வந்தது. நிலத்தில் நான்கு காலையும் அகட்டி வைத்து நின்றது. பிறகு குடித்தவன் நடக்கிற மாதிரிச் சரிந்து சரிந்து இரண்டு அடி வைத்தது. மீனாம்பிகைக்குச் சிரிப்பு வந்தது.

"வருத்தமோ இதுக்கு?"

"இல்லையக்கா. தரை ஆடேல்லை எண்டு அவளுக்கு ஒரு மாதிரி இருக்கும்" என்று சொல்லிவிட்டு முருகேசு போய்விட்டான். அவன் சும்மா சொல்லிவிட்டுப் போன சொல் அது. அவளும் சும்மாதான் கேட்டாள்.

முதல் மூன்று நாளும் மீனாம்பிகை தனக்குத் தெரிந்த உபசாரம் எல்லாம் செய்தாள். சூடைமீன் அவித்து முள் எடுத்து வைத்தாள். ஆட்டுப்பால் வைத்தாள். "பூஸ், பூஸ்" என்று வாய் நோகக் கூப்பிட்டாள். கூப்பிடக் கூப்பிடப் பூனை பின்னுக்குப் போனது. தூக்கப் போனால் கை முழுக்கக் கீறல். அவள் சமைக்கிற குசினியை விட்டுப் போன பிறகுதான் வந்து இரண்டு வாய் தின்னும். பகல் முழுக்கச் சுவரோரமாக இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடக்கும். ஒரு இடத்தில் படுத்து உறங்கியதை அவள் காணவில்லை.

நான்காம் நாள் காலையில் அவள் கிணற்றடியிலிருந்து தண்ணீர்க் குடத்தோடு வந்தபோது பூனை உறியில் இருந்தது.

அந்தக் காலத்துக் குசினியைத் தெரியாத பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். கூரைமரத்திலிருந்து கயிற்றில் தொங்கவிட்ட கூடுதான் உறி. பூனைக்கும் எறும்புக்கும் எட்டாமல் பாற்சட்டியையும் கறிச்சட்டியையும் அதில் வைப்பார்கள். பூனைக்கு எட்டக்கூடாது என்றே கட்டிய உறிக்குள் பூனை இருந்தால் வீட்டுக்காரிக்கு எப்படி இருக்கும்? நல்ல குடும்பத்துப் பெண் ஒருத்தியும் அதைப் பொறுக்கமாட்டாள். மீனாம்பிகையும் பொறுக்கவில்லை. குடத்தை வைத்தாள். வீடு கூட்டுகிற தும்புத்தடியை எடுத்து எறிந்தாள். தடி பூனையின் முதுகில் பட்டது. பூனை ஒரு சத்தமும் போடவில்லை. ஒரே பாய்ச்சலில் சுவருக்கு, சுவரிலிருந்து வளைமரத்துக்கு. அங்கே இருட்டுக்குள் இரண்டு கண் மட்டும் தெரிந்தது.

"கள்ளி" என்றாள் மீனாம்பிகை. அதோடு சேலையை மாற்றிக்கொண்டு மானிப்பாய்க்கு வெளிக்கிட்டாள். அன்றைக்குத்தான் புருஷனைப் பார்க்க அனுமதி.

இரண்டு பஸ் மாறிப் போய்ச் சேர்ந்தாள். தம்பிஐயாவின் காலைக் கயிற்றில் கட்டிக் கப்பியில் ஏற்றி, மறுதலையில் பாரம் தொங்கவிட்டிருந்தார்கள்.

"பாத்தியே மீனா, காலுக்குப் பாய் கட்டி ஏத்திவிட்டிருக்கிறாங்கள்" என்றார் அவர். "காத்துத்தான் இல்லை."

பகிடி விட்டாரே ஒழிய முகம் ஒட்டிப்போயிருந்தது. ஒன்றும் வாயில் வைக்கிறார் இல்லை என்று நேர்ஸ் முறைப்பாடு சொன்னாள். கால் பொருந்தினாலும் ஒரு அங்குலம் கட்டையாகத்தான் இருக்கும், இனித் தோணி ஓட்டுவது சரிவராது என்று டொக்டர் சொன்னதையும் அவளைத் தனியே கூப்பிட்டுச் சொன்னாள். மீனாம்பிகை திரும்பி வந்து கட்டிலடியில் நின்றாள். அதை அவருக்கும் சொல்லியிருக்கிறார்கள் என்று அவர் கண்ணிலேயே தெரிந்தது.

"சுக்கானி எப்பிடி?" என்றார்.

கடலில் அவருக்கென்று இனி மிஞ்சியிருப்பது அந்தப் பூனைதான். அது காலையில் தடியடி வாங்கி வளைமரத்தில் இருக்கிறது. மீனாம்பிகைக்கு வாய் தானாகத் திறந்தது.

"அவளுக்கென்ன, நல்லா இருக்கிறாள். என்னோடை நல்ல வாரப்பாடு. என்ரை மடியிலைதான் படுக்கிறாள்."

தம்பிஐயா தலையைத் திருப்பி அவளைப் பார்த்தார். "மடியிலையோ?"

"ஓம். மடியிலைதான்."

"அப்பிடியோ" என்றார். கொஞ்ச நேரம் கப்பியைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். பிறகு, "என்ன கொண்டந்தனி? தா" என்று கேட்டு அவள் கொண்டுபோன பிட்டில் பாதியைச் சாப்பிட்டார். நேர்ஸ் எட்டிப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனாள். பூனையின் சுகம் கேட்டதால்தான் மனுஷனுக்குச் சாப்பாடு இறங்குகிறது என்று மீனாம்பிகை நினைத்தாள். நல்ல பொய்தான் சொல்லியிருக்கிறேன் என்றும் நினைத்தாள்.

பஸ்ஸில் திரும்பி வரும்போதுதான் பயம் பிடித்தது. தை மாதம் வீட்டுக்கு வந்துவிடுவார். வந்து கதிரையில் இருந்துகொண்டு பூனை எங்கே என்று கேட்பார். பூனை வளைமரத்தில் இருந்து பார்க்கும். முப்பது வருஷத்தில் முதல் முறையாக, அவர் விட்டுவிட்டுப் போனதை அவளால் கொடுக்க முடியாமல் போகும். அதுவும் அவர் இனிக் கடலுக்குப் போகமுடியாத வருஷத்தில்.

வீட்டுக்கு வந்ததும் உறியில் எவ்வளவு களவு போயிருக்கிறது என்று பார்க்க முக்காலியில் ஏறினாள். குசினியில் மூன்று உறி இருந்தது. முதல் உறியில் பாற்சட்டி, மூடி மூடினபடி. இரண்டாம் உறியில் கருவாடு, ஒன்றும் குறையவில்லை. மூன்றாம் உறி சட்டி உடைந்ததால் ஒரு மாதமாக வெறுமனே தொங்கியது. அதில்தான் சாம்பல் மயிர் ஒட்டியிருந்தது.

மீனாம்பிகை முக்காலியில் நின்றபடியே அந்த வெறும் உறியைக் கையால் தொட்டாள். அது ஆடியது. தரை ஆடவில்லை என்று முருகேசு சும்மா சொல்லிவிட்டுப் போன சொல் அப்போது அவளுக்குள் வந்து விழுந்தது.

அவள் வளைமரத்தை நிமிர்ந்து பார்த்தாள். "படுக்க இடந்தானே தேடினனி" என்றாள். "நான் கள்ளி எண்டு சொல்லிப்போட்டன்."

பூனைக்கு மன்னிப்புக் கேட்பது எப்படி என்று ஒருவரும் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. அவள் தன் புத்தியால் ஒவ்வொன்றாகச் செய்தாள். தும்புத்தடியைக் குசினியிலிருந்து எடுத்துக் கொல்லைக் கொட்டிலில் கொண்டுபோய் வைத்தாள். மூன்றாம் உறியை எட்டிப் பாய்கிற உயரத்துக்கு இறக்கிக் கட்டினாள். தோணியிலிருந்து வந்த தம்பிஐயா இடுப்பில் கட்டுகிற பழைய சாரம் ஒன்று, உப்பும் தாரும் மீன் எண்ணெயும் மணக்கிறது, தோய்க்கப் போட்டிருந்தாள். அதைத் தோய்க்காமலே எடுத்து மடித்து உறிக்குள் விரித்தாள். "பூஸ், பூஸ்" என்று கூப்பிடுவதை விட்டாள். அது பூனை காதில் இன்னொரு பூனை சீறுகிற மாதிரித்தான் கேட்கும் என்று அவளுக்குப் பட்டது. தோணியில் எப்படிச் சாப்பாட்டுக்குக் கூப்பிடுவார்கள் என்று யோசித்தாள். அங்கே எல்லாம் பலகை. ஒரு தேங்காய்ச் சிரட்டையை எடுத்துப் பலகையில் மூன்று தரம் தட்டிவிட்டு, மீனை வைத்துவிட்டு, முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பிப் பார்க்காமல் இருப்பதுதான் எல்லாவற்றிலும் கடினமாக இருந்தது என்று பின்னாளில் சொன்னாள்.

அதிலிருந்து ஐந்தாம் நாள் பின்னால் மீன் கடிபடுகிற சத்தம் கேட்டது.

பத்தாம் நாள் பூனை உறியில் ஏறியது. அன்றைக்குக் காற்றே இல்லை. வாடை மாதத்தில் அப்படி ஒரு நாள் வரும், வேப்பிலையும் அசையாது. உறி அசையாமல் தொங்கியது. மரக்கறி அரிந்துகொண்டிருந்த மீனாம்பிகை ஓரக்கண்ணால் பார்த்தாள். பூனை பின்னங்கால் ஒன்றை உறிப்பின்னலின் கண்ணுக்குள்ளால் வெளியே நீட்டி, பக்கத்துச் சுவரில் ஊன்றி ஒரு உன்னு உன்னியது. உறி ஆடத் தொடங்கியது. ஆட்டம் குறைந்ததும் இன்னொரு உன்னு. கண்ணை மூடிக்கொண்டே செய்தது.

மீனாம்பிகை அரிவாளை வைத்துவிட்டாள். எத்தனையோ கெட்டிக்காரரைக் கண்டிருக்கிறாள். கடலை விட்டுக் கொண்டுவந்து போட்ட இடத்தில், தனக்கென்று ஒரு சின்னக் கடலைச் செய்துகொண்ட ஒருத்தியை இப்போதுதான் காண்கிறாள். அன்றைக்கே ஒரு தும்புக்கயிற்றை உறியின் அடியில் கட்டினாள். அரியும்போதும் புடைக்கும்போதும் கயிற்றின் மற்ற நுனியைக் கால்விரலில் சுற்றிக்கொண்டு மெல்ல இழுத்துவிடுவாள். உறி ஆடும். பூனை ஒரு கண்ணைத் திறந்து, கயிறு எங்கே போகிறது என்று கடைசிவரை பார்க்கும். அது அவள் காலில் முடிவதைக் காணும். திரும்பக் கண்ணை மூடும்.

பக்கத்து வளவு நாகேஸ்வரி நெருப்பு எடுக்க வந்தபோது அதைக் கண்டாள். நாகேஸ்வரி நல்லவள். ஆனால் கண்டதை வைத்திருக்க அவள் வயிற்றில் இடமில்லை.

"என்ன அக்கா, பேரப்பிள்ளை பிறக்கமுன்னமே தாலாட்டுத் தொடங்கியாச்சோ? நாங்கள் பூனைக்குப் பயந்து உறி கட்டுறம். நீங்கள் பூனைக்கெண்டே உறி கட்டுறியள்."

"நீ நெருப்பை எடுத்துக்கொண்டு போ."

"உது உங்களைப் பாத்துக் கண்ணை மூடி மூடித் திறக்குது. நீங்களும் அப்பிடியே செய்யிறியள். என்ன, கண்ணடிக்கிறியளோ பூனைக்கு?"

"உன்ரை மனுசன் உனக்குக் கண்ணடிக்கிறேல்லை எண்டு எனக்கென்ன செய்யச் சொல்லுறாய்?"

நாகேஸ்வரி சிரித்துச் சிரித்து எடுத்த நெருப்பை மறந்துவிட்டுப் போனாள். ஆனால் அவள் கண்டது மெய். உற்றுப் பார்த்தால் அந்தப் பூனை எழும்பிப் போய்விடும். பாதிக் கண்ணால் பார்த்து மெல்ல இமையை மூடினால் அதுவும் மெல்ல மூடும். நான் ஒன்றும் செய்யமாட்டேன், நீயும் ஒன்றும் செய்யாதே என்று இரண்டு பேரும் சொல்லிக்கொள்கிற மாதிரி. மீனாம்பிகை அதற்கு மேல் ஒரு அடியும் எடுத்து வைக்கவில்லை. கையை நீட்டவில்லை. வர மனமுள்ளவள் வரட்டும் என்று இருந்தாள்.

மானிப்பாய்க்குக் கிழமைக்கு ஒரு முறை போய்வந்தாள். இரண்டாம் முறை போனபோது தம்பிஐயா பூனையைப் பற்றிக் கேட்கவில்லை. மூன்றாம் முறையும் கேட்கவில்லை. கேட்காத மனுஷனுக்கு அவளே சொன்னாள்.

"சுக்கானி நேற்று முழுக்க என்ரை மடியை விட்டு இறங்கேல்லை."

"நல்லது" என்பார். வேறு கதைக்குப் போய்விடுவார். சில வேளை கப்பியைப் பார்ப்பார். போகும்போது அவள் கையைப் பிடித்து, "உன்னை மாதிரி ஒருத்தி கிடையாது மீனா" என்றார் ஒருநாள். முப்பது வருஷத்தில் சொல்லாத சொல். மீனாம்பிகைக்கு அது சந்தோஷமாகவும் இருந்தது, திருடி ஒருத்தி கையும் களவுமாகப் பிடிபட்டு நிற்கிற மாதிரியும் இருந்தது.

மார்கழி முடியப்போகிறது. பூனை உறியில் உறங்குகிறது, சிரட்டைக்கு வருகிறது, காலடியில் வாலைத் தொட்டுக்கொண்டு போகிறது. மடிக்கு மட்டும் வரவில்லை. ஒரு நாள் மடியில் மீன் துண்டு வைத்துப் பார்த்தாள். பூனை மீனை எடுத்துக்கொண்டு எட்டப் போய்த் தின்றது. அன்றைக்குப் பின் அந்த வேலையையும் விட்டுவிட்டாள். கூலி கொடுத்து வாங்குகிற மடியல்ல அது.

பொங்கலுக்கு நான்கு நாள் இருக்கையில் வடை மாவுக்கு உழுந்து உடைக்கத் திரிகையை இழுத்தாள். இரண்டு காலையும் நீட்டி இருந்து, கல்லை நடுவில் வைத்து, மரப்பிடியைப் பிடித்துச் சுற்றினாள். திரிகை சுற்றியவர்களுக்குத் தெரியும், கை மட்டும் சுற்றாது. இடுப்பிலிருந்து உடம்பு முழுக்க முன்னுக்குப் போகும், பக்கத்துக்குச் சரியும், பின்னுக்கு வரும், திரும்ப முன்னுக்குப் போகும். கல்லின் சத்தம் கடகடவென்று அடியில் உருளும்.

உறி அசைந்தது. பூனை கீழே குதித்தது. திரிகையை ஒரு சுற்றுச் சுற்றி வந்து மணந்தது. மீனாம்பிகை சுற்றிக்கொண்டே இருந்தாள். பூனை முன்னங்கால் ஒன்றை அவள் தொடையில் வைத்து எடுத்தது. திரும்ப வைத்தது. பிறகு ஏதோ பழகிய ஏணியில் ஏறுகிற மாதிரி அவள் மடிக்குள் ஏறி, இரண்டு தரம் சுழன்று, இடுப்பு மடிப்பில் முதுகைக் கொடுத்துப் படுத்தது. உள்ளுக்குள் உறுமத் தொடங்கியது. திரிகை உறுமுகிறதா பூனை உறுமுகிறதா என்று பிரித்துச் சொல்லமுடியாமல் இருந்தது.

மீனாம்பிகை மூச்சை அடக்கிக்கொண்டு சுற்றினாள். உழுந்து முடிந்தது. கையை நிறுத்தினாள். பூனை உடனே தலையை நிமிர்த்திப் பார்த்தது. காற்று விழுந்துவிட்டதே, என்ன செய்கிறீர்கள் என்று கேட்கிற பார்வை. அள்ளிப் போட உழுந்து கைக்கு எட்டாத தூரத்தில் இருந்தது. எழும்பினால் எல்லாம் போயிற்று. அவள் வெறும் திரிகையைச் சுற்றத் தொடங்கினாள்.

அப்படிச் சுற்றிக்கொண்டிருக்கும்போதுதான் நாகேஸ்வரி வந்தாள். வாசலில் நின்று பார்த்தாள். கிட்ட வந்து திரிகையின் வாயை எட்டிப் பார்த்தாள்.

"அக்கா, உள்ளை ஒண்டுமில்லை."

"தெரியும்."

"பேந்தென்னத்தை அரைக்கிறியள்?"

"மெல்லக் கதை" என்றாள் மீனாம்பிகை, மடியைக் கண்ணால் காட்டி. நாகேஸ்வரி அப்போதுதான் பார்த்தாள். வாய்க்கு வந்த பகிடியை அவள் விழுங்கியது அவள் சீவியத்தில் அன்றைக்கு ஒருநாள்தான். ஓசைப்படாமல் குனிந்து உழுந்துச் சுளகை எடுத்து மீனாம்பிகையின் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்துவிட்டு, நுனிக்காலில் வெளியே போனாள். அதனால்தான் அவளை நல்லவள் என்று சொன்னேன்.

அன்றையிலிருந்து ஒவ்வொரு நாளும் பின்னேரம் திரிகை சுற்றியது. உழுந்து இருந்த நாளில் உழுந்து, பயறு இருந்த நாளில் பயறு, ஒன்றும் இல்லாத நாளில் ஒன்றும் இல்லாமல்.

தை பிறந்து பத்தாம் நாள் தம்பிஐயா காரில் வந்து இறங்கினார். இரண்டு கக்கத்திலும் தடி. முருகேசு பின்னால் பிடித்துக்கொண்டு வந்தான். விறாந்தையில் கதிரை போட்டிருந்தது. அவர் இருந்தார். சுற்றிவரப் பார்த்தார். மீனாம்பிகை காத்திருந்தாள். அவர் கேட்கவில்லை.

"சுக்கானியைப் பாக்கேல்லையோ?" என்று அவளே கேட்டாள்.

தம்பிஐயா தடியை மெல்லச் சுவரில் சாத்தினார். "மீனா, இஞ்சை வா. எனக்கு எல்லாம் விளங்கும். நீ கஷ்டப்படாதை. அது எப்ப செத்தது?"

மீனாம்பிகைக்கு ஒன்றும் பிடிபடவில்லை. "ஆர் செத்தது?"

"ஒன்பது வருசம் என்னோடை இருந்தவள். ஒருநாளும் என்ரை மடியிலை ஏறினதில்லை. வேறை ஆற்றை மடியிலையும் ஏறாள். நீ முதல் நாள் வந்து மடியிலை படுக்கிறாள் எண்டு சொன்னவுடனை எனக்கு விளங்கிப்போச்சு. பூனை செத்துப்போச்சு, இவள் எனக்காகப் பொய் சொல்லுறாள் எண்டு. நீ அழாமச் சொன்னாய். அதைக் கெடுக்க எனக்கு மனம் வரேல்லை. அதுதான் அண்டைக்கு அந்தப் பிட்டைச் சாப்பிட்டனான்."

முருகேசு மெல்ல முற்றத்துப் பக்கம் திரும்பி நின்றுகொண்டான்.

மூன்று மாதம், பாருங்கள். அவள் பொய் பிடிபடுமே என்று பயந்துகொண்டு இங்கே. அவர் செத்துப்போகாத பூனைக்காக, அவள் முன்னால் அழாமல், கப்பியைப் பார்த்துக்கொண்டு அங்கே. 

"இஞ்சருங்கோ" என்றாள் மீனாம்பிகை, "உள்ளை வாங்கோ."

குசினி வாசலில் அவர் தடி ஊன்றி நின்றார். உறிக்குள் பூனை. உயிரோடு, இரண்டு காதும் நிமிர்ந்து. "சுக்கானி" என்றார்.

பூனை அவரைப் பார்த்தது. மூக்கை உயர்த்தி மணந்தது. ஆஸ்பத்திரி மருந்து மணம் அவர் உடம்பெல்லாம் இருந்தது. தடி வேறு நிலத்தில் தட்டியது. பூனையின் முதுகு வளைந்தது. ஒரு பாய்ச்சலில் சுவருக்கு, சுவரிலிருந்து வளைமரத்துக்கு.

தம்பிஐயா அப்படியே நின்றார். காலில் மரம் விழுந்தபோது கூட அவர் முகம் இப்படி ஆகவில்லை என்று முருகேசு பிறகு சொன்னான்.

மீனாம்பிகை கிட்டப் போனாள். ஒரு தாழ்ந்த முக்காலியைத் திரிகைக்கு இந்தப் பக்கம் போட்டு அவரைப் பிடித்து இருத்தினாள். கட்டையாகிப்போன காலை நீட்டிவிட்டாள். தடிகளை எடுத்து முருகேசுவிடம் கொடுத்து, "வெளியிலை வை, தும்புத்தடி இருக்கிற இடத்திலை" என்றாள். உறியில் கிடந்த தோணிச் சாரத்தை எடுத்து அவர் தோளில் போர்த்தாள்.

"அவளைப் பாக்காதையுங்கோ" என்றாள். "கூப்பிடாதையுங்கோ. கல்லைப் பாத்துக்கொண்டிருங்கோ."

முப்பது வருஷம் கடலில் மற்றவருக்குச் சொல்லியே பழகின தண்டையல், சொன்னதைக் கேட்டுக் கல்லைப் பார்த்துக்கொண்டு இருந்தார். மீனாம்பிகை எதிரே காலை நீட்டி இருந்து பிடியைச் சுற்றத் தொடங்கினாள். திரிகையில் ஒன்றும் இல்லை. அவர் அதைக் கண்டார். ஏன் என்று கேட்கவில்லை.

நூறு சுற்று இருக்கலாம், இருநூறும் இருக்கலாம். ஆர் எண்ணினது? சுவரில் ஒரு நிழல் இறங்கியது. பூனை அவருக்குப் பின்னால் போய்ச் சாரத்தின் தொங்கலை மணந்தது. நின்று மணந்தது. பிறகு திரிகையைச் சுற்றி வந்து மீனாம்பிகையின் மடியில் ஏறி, இரண்டு தரம் சுழன்று படுத்தது.

தம்பிஐயா கல்லைப் பார்க்கச் சொன்னதை மறந்தார். 

"மடியிலை" என்றார், மெதுவாக.

"நான் சொல்லேக்கை பொய்தான்" என்றாள் மீனாம்பிகை, சுற்றிக்கொண்டே. "அண்டைக்குக் காலமை தும்புத்தடியாலை எறிஞ்சுபோட்டு வந்தனான். பேந்துதான் மெய்யாச்சு."

"என்னெண்டு செய்தனி?"

"நான் என்ன செய்தனான்? நான் கொஞ்சம் ஆடினன். வந்தவள் அவள்."

அவர் அந்தப் பேச்சை ஏற்றுக்கொள்ளவில்லை என்பது அவர் பார்த்த பார்வையில் தெரிந்தது. புயலில் பாய் கிழியாமல் தோணியைக் கரை சேர்த்தவனைத் தண்டையல்கள் அப்படித்தான் பார்ப்பார்கள். அதிகம் பேசமாட்டார்கள்.

"கையைக் கொண்டாங்கோ" என்றாள் அவள். அவருடைய கையை எடுத்துப் பிடியில் தன் கைக்கு மேல் வைத்தாள். இரண்டு பேரும் சுற்றினார்கள். முதலில் அவர் ஒரு பக்கமும் அவள் ஒரு பக்கமும் இழுத்தது. பிறகு ஒத்து வந்தது. அவர் உடம்பும் முன்னுக்குப் போய்ப் பின்னுக்கு வந்தது. நெடுங்காலம் பழகின ஆட்டம். பூனை கண்ணைத் திறந்தது. சுற்றி வருகிற அந்தக் கையை இரண்டு மூன்று சுற்றுப் பார்த்தது. நாலாம் சுற்றில் கழுத்தை நீட்டி, கிழிந்த காதை அவர் மணிக்கட்டில் ஒருமுறை தேய்த்தது. தேய்த்துவிட்டு, மீனாம்பிகையின் மடியிலேயே தலையைப் போட்டு உறங்கிப்போனது.

"வள்ளம் மாறமாட்டாள் போலை" என்று சிரித்தார் தம்பிஐயா. அவர் சிரித்து மூன்று மாதம் ஆயிற்று.

சித்திரையில் கடல் திறந்தபோது முருகேசு உமலோடு வந்தான், பூனையைக் கேட்டு. உறிக்குக் கீழே கயிற்றை இழுத்துக்கொண்டிருந்த தம்பிஐயா, "அவளையே கேள்" என்றார். முருகேசு உமலைத் திறந்து வைத்துப் பார்த்தான்; பூனை உறியை விட்டு இறங்கவில்லை. பிறகு, "சரி, இதுக்குள்ளை மாங்காய் ஏதும் கட்டித் தாங்கோ, கொண்டு போறன்" என்றான். மீனாம்பிகை கட்டிக் கொடுத்தாள்.

கதை அவ்வளவுதான், என் செல்வங்களே. உங்கள் வீட்டு உறியில் பால் வற்றாமல் இருக்கட்டும். உங்கள் வீட்டை விட்டுப் போனவர்கள் காலும் கையும் சுகமாகப் படலை திறந்து வரட்டும். அன்புக்காகச் சொன்ன பொய் ஏதும் வீட்டுக்குள் இருந்தால், அதை மெய்யாக்கித் தர ஒருவர் தானாக வந்து உங்கள் மடியில் ஏறட்டும். உங்கள் திரிகையில் தானியம் குறையாமல் இருக்கட்டும். எப்போதாவது அது வெறுமனே சுற்றவேண்டி வந்தால், எதிரே இருந்து கூடச் சுற்ற ஒரு கை இருக்கட்டும்.